ஆஸியா பீவியின் வாத்து வேட்டை

எங்கள் தெருவில் ஆஸியா பீவி வாத்து சுட ஆரம்பித்த வருஷம், கோடியக்கரைக்குப் போகிற பறவைகள் காரைக்கால் பக்கம் இறங்காமல் கடலோடு ஒதுங்கிப் போயின. நம்பாதவர்கள் பறவைகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

சுட்டதெல்லாம் டிவிக்குள்தான். கல்யாணமான புதிதில் அவள் புருஷன் சேக் அலாவுதீன் ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்த வீடியோ கேம் அது. கேசட்டைச் செருகினால் திரையில் புல் முளைக்கும், வாத்துகள் கிளம்பும், ஒயரில் கட்டிய பிளாஸ்டிக் துப்பாக்கியால் சுட வேண்டும். தனக்கென்றுதான் வாங்கி வந்தான். லீவு முடிந்து அவன் விமானம் ஏறிவிட்டான், துப்பாக்கி அவள் கையில் நின்றுவிட்டது.

மகள் நௌஷின் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், பிள்ளை படிப்பு கெடும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கேம் பரணுக்குப் போனது. அந்த நௌஷின் எம்.காம். முடித்து, அம்பகரத்தூரில் மாப்பிள்ளையும் பேசி முடித்த பிறகு, ஒரு நாள் ஆஸியா பரணில் ஏறினாள். தூசியைத் தட்டி, ஹாலில் கிடந்த பழைய பெட்டி டிவியில் மாட்டினாள். முதல் வாத்து முதல் சூட்டிலேயே விழுந்தது. அன்றிலிருந்து அஸர் தொழுகை முடிந்தால் வேட்டைதான். சத்தத்தைக் கேட்டுத் தெருப்பூனைகளெல்லாம் பங்கு கேட்டு வாசலில் வந்து உட்கார்ந்தன. இந்த வயதில் இது என்ன கூத்து என்று கேட்டவர்களிடம் அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்: பிள்ளைக்காக ஒரு தடவை தூக்கி வைத்தாயிற்று, இனி யாருக்காகவும் வைப்பதில்லை.

எங்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்து இருப்பார். அதனால் மாப்பிள்ளையின் தாயார் சித்திக்கா, மகன் வரப்போகும் வீட்டைக் கண்ணால் அளந்துவிட்டுப் போக வந்தார். கூடவே மாப்பிள்ளை தௌஹீதும், கதவளவு புது டிவி ஒன்றும் வந்தன. ஹாலில் அந்தப் பெட்டி டிவியைப் பார்த்ததும் சித்திக்காவின் முகம் சுருங்கியது.

"இத காயலான் கடையில போட்டுடுங்க லாத்தா. கல்யாணத்துக்கு வர்றவங்க பாத்தா என்ன நெனப்பாங்க?"

"நல்லா சுடுறாளேன்னு நெனப்பாங்க."

சரி, சமையலறையிலாவது வைத்துக்கொள்ளக் கூடாதா என்றார் சித்திக்கா. ஒளிந்து விளையாட நான் என்ன களவா செய்கிறேன் என்றாள் ஆஸியா.

தௌஹீத் நல்ல பையன், சண்டை பொறுக்காது. புது டிவியிலேயே இந்த கேம் ஓடும், இடையில் ஒரு சின்ன கருவி மாட்டினால் போதும் என்று சொல்லி, கடைத்தெருவுக்கு ஓடிப்போய் வாங்கியும் வந்துவிட்டான். மாட்டினான். படம் பளிச்சென்று வந்தது. வாத்து ஒவ்வொன்றும் ஆட்டுக்குட்டி அளவு. ஆஸியா சுட்டாள். விழவில்லை. மறுபடி சுட்டாள். அத்தனையும் அவளைத் தாண்டிப் பறந்து போயின.

"வயசாயிடுச்சுல்ல லாத்தா," என்றார் சித்திக்கா, ரொம்ப அன்பாக.

ஆஸியா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் சொல்லியபோதெல்லாம் வாடாத முகம் அப்போது வாடியது. தௌஹீத் துப்பாக்கியை வாங்கித் தானும் சுட்டுப் பார்த்தான். அவனுக்கும் ஒன்றும் விழவில்லை. செல்போனை எடுத்துத் தேடினான், படித்தான், தாயின் பக்கம் திரும்பினான்.

"உம்மா, மாமி மேல தப்பு இல்ல. இந்தத் துப்பாக்கி பெட்டி டிவியோட வெளிச்சத்த வச்சுதான் குறி பாக்கும். புது டிவியில அதுக்குக் கண்ணே தெரியாது."

ஆஸியா நிமிர்ந்தாள். "அப்ப பெட்டி இங்கதான் இருக்கும்."

அந்தப் பெட்டி இருக்கிற ஹாலுக்குத் தன் பிள்ளை மாப்பிள்ளையாக வரமாட்டான் என்று சித்திக்கா எழுந்து நின்றுவிட்டார்.

"வீட்ட நௌஷினுக்குத்தான் எழுதித் தர்றேன். அந்த வீட்டு ஹால்ல நானும் இருப்பேன், என் டிவியும் இருக்கும். ரெண்டுக்கும் சரின்னா வரட்டும். இல்லன்னா வந்த டிவிய பாத்துத் தூக்கிட்டுப் போங்க, கண்ணாடி."

உள் அறை வாசலில் நின்ற நௌஷின், உம்மா சொன்னதுதான் தன் பேச்சும் என்றாள். எல்லோரும் தௌஹீத் நின்ற பக்கம் திரும்பினார்கள். அவன் அங்கே இல்லை. பெட்டி டிவிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, ஒயரைப் பழைய இடத்திலேயே மாட்டிக்கொண்டிருந்தான். சித்திக்கா வீடு போய்ச் சேரும்வரை மகனிடம் பேசவில்லையாம். ஆனால் டிவியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகவும் இல்லை. அது மாடியில் மணமக்கள் தங்கப்போகும் மணவறைக்கு ஏறியது.

நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வரும் நேரம் வந்தது. ஹால் நிறையப் பெண்கள். நடுவில் ஆஸியா, பட்டுச்சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு துப்பாக்கியோடு நின்றாள். எங்கிருந்து வந்த தைரியமோ, அன்றைக்கு என்று ஆட்டம் அதுவரை போகாத கட்டத்துக்குப் போய்விட்டது. மாப்பிள்ளை வாசலில் நிற்கிறார், சம்பந்தியும் நிற்கிறார் என்று யாரோ ஓடி வந்து சொன்னார்கள்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் சொன்னாள்:

"இன்னும் ரெண்டு வாத்து இருக்கு. ஓரமா நிக்கச் சொல்லுங்க."