குடைச்சலுக்கு ஒரு கட்டம்

இருபத்தாறு வருடம் சட்டைகளின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்ததால் அவளுக்குக் காஜாக்கா என்றே பேர். விரல் கணுக்கள் வீங்கி, ஊசியில் நூல் கோர்ப்பதே பெரும்பாடான பிறகும் பேர் மட்டும் விடவில்லை. மூட்டுநோயாளிகள் சங்கத்துக்கு அவள் தலைவியானது போட்டியே இல்லாமல்தான். மற்ற நாற்பது பேருக்கும் தோள்பட்டைக் கோளாறு. எதிர்த்துக் கை தூக்க ஒருவராலும் முடியவில்லை.

அந்த நாற்பத்தொரு பேரிடமும் மருத்துவமனை ஒரு புது மாத்திரையைச் சோதித்துப் பார்த்தது. ஆறு மாதம் கழித்து ஒரு படிவம் வந்தது. 'வலி எவ்வளவு? பூஜ்யம் முதல் பத்து வரை குறிக்கவும்.' முப்பத்தெட்டு பேர் பூஜ்யம் போட்டுவிட்டார்கள். மருத்துவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு சுகமானவர்களுக்கு ஒத்தடமும் விரல் பயிற்சியும் தரும் வியாழக்கிழமைப் பிரிவு எதற்கு, மூடிவிடலாம் என்று தீர்மானமும் தயாரானது.

இந்தச் செய்தி காஜாக்கா காதுக்கு வந்தது. வியாழன் ஒத்தடம் இல்லையென்றால் வெள்ளிக்கிழமை அவளால் தன் பொத்தானையே போட முடியாது. சங்கத்து உறுப்பினரான ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரைப் போய்ப் பிடித்தாள்.

"ஏண்ணே, நாலு படி ஏற முக்கால் மணி நேரம் ஆகுது உங்களுக்கு. பூஜ்யமா போட்டீங்க?"

"வலி எவ்வளவுன்னு கேட்டிருந்தான். வலி இல்லம்மா, குடைச்சல்தான். என்னைப் பொய் எழுதச் சொல்றியா?"

இன்னொருவருக்குக் குத்தல். ஒருத்திக்கு விண்விண்ணென்று தெறிப்பு. வலி மட்டும் யாருக்கும் இல்லை. அப்போதுதான் காஜாக்காவுக்கு உறைத்தது, தானும் பூஜ்யம்தான் போட்டிருந்தாள். அவளுக்குக் கடுப்பு.

பிரிவை மூடும் தீர்மானத்துக்கான ஆய்வுக் குழுக் கூட்டத்தில் 'நோயாளிகளின் குரல்' என்று அவளுக்கு மூன்று நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். 'பிரதிநிதி நன்றி தெரிவித்தார்' என்று கூட்டக் குறிப்பில் முன்கூட்டியே அச்சடித்தும் வைத்திருந்தார்கள்.

"டாக்டர், படிவத்துல குடைச்சலுக்கு ஒரு கட்டம் போடுங்க" என்றாள்.

"மூலப் படிவத்துல வலின்னு ஒரே சொல்தாம்மா. அப்படியே மொழிபெயர்த்திருக்கோம்" என்றார் தலைமை மருத்துவர்.

"அவங்களுக்கு ஒண்ணு போதும் போல. நமக்குக் கணுவுக்கு ஒண்ணு வேணும்."

"குடைச்சல்னு மருத்துவத்துல ஒரு சொல்லே கிடையாது. அடுத்த பொருளுக்குப் போவோம்."

போனார்கள். காஜாக்கா உட்காரவில்லை. மருந்து இருப்பு பற்றிப் பேசும்போதும் குடைச்சல் என்றாள்; மின்விசிறி பழுது பற்றிப் பேசும்போதும் குடைச்சல் என்றாள்.

கடைசியில், குறிப்பெழுதும் பெண் தீர்மானத்திலும் கூட்டக் குறிப்பிலும் கையெழுத்து வாங்க வந்தாள். பிரதிநிதி கையெழுத்து போடாமல் எந்தத் தீர்மானமும் செல்லாது என்பது அவர்களே போட்ட விதி. காஜாக்கா நிதானமாகப் படித்தாள். குறிப்பில் 'நன்றி தெரிவித்தார்' கோடிட்டு அடிக்கப்பட்டு, மேலே பேனாவால் எழுதியிருந்தது: 'பிரதிநிதி கூட்டம் முழுவதும் குடைச்சல் கொடுத்தார்.'

"அப்படி ஒரு சொல்லே கிடையாதுன்னீங்களே டாக்டர்?"

தலைமை மருத்துவர் அந்தப் பெண்ணை முறைத்தார். "நீங்கதானே சார் எழுதச் சொன்னீங்க" என்றாள் அவள்.

"சரி, நான் குடுத்தது எவ்வளவு? பூஜ்யத்துலேருந்து பத்துக்குள்ள சொல்லுங்க."

அவர் நெற்றிப்பொட்டைப் பிடித்துக்கொண்டார். "ஒன்பது."

"அவ்வளவு வலியா?"

"வலி இல்லம்மா, இது வந்து..." என்றவர் பாதியில் நிறுத்தினார்.

காஜாக்கா தீர்மானத்தை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, படிவத்தையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினாள்.

"கட்டத்தை நீங்களே போட்டுடுங்க டாக்டர். எனக்கு விரல் கடுக்குது."