தலையில்லாத முயல்

முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் முயல் வளர்த்தோம். நாங்கள் தின்பதற்கில்லை. அம்மா சமையல் வேலை பார்த்த பிரெஞ்சுக்கார மதாமுக்கு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் முயல்கறி வேண்டும். அந்த முயல்களுக்குப் புல் அறுத்துப் போட்டே என் கை காய்த்திருந்தது. கறியின் ருசி மட்டும் ஒன்பது வயது வரைக்கும் தெரியாது.

அம்மா வீட்டிலேயே முயலை உரித்து, கூடையில் வைத்துத் துணி போட்டு மூடி, கடற்கரைப் பக்கமிருந்த மதாம் வீட்டுக்கு எடுத்துப்போவாள். வெங்காயம் உரிக்க நானும் கூடப் போவேன். அங்கே குசினியில், அதாவது சமையல்கட்டில், ஒரு வழக்கம் இருந்தது. தோலை உரித்துவிட்டால் முயலும் பூனையும் பார்வைக்கு ஒன்றுதானாம். அதனால் தலையோடுதான் கொண்டுவர வேண்டும். மதாம் துணியை விலக்கி, முன்பற்களைப் பார்த்து, சரி என்ற பிறகே கத்தி வைக்கலாம். பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இனி எல்லாம் நம்ம ராஜ்யம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். மதாமின் குசினிக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

ஒரு ஞாயிறு விருந்தாளிகள் குசினிக்கே வந்துவிட்டார்கள். மதாம் முள்கரண்டியால் துணியைத் தூக்கிக் காட்டி ஏதோ சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் "மியாவ்" என்றார். அம்மா குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு அம்மா முயலின் தலையை வீட்டிலேயே வெட்டி, சட்டியில் போட்டு மூடிவைத்தாள்.

"தலெ வேணாமாம்மா?" என்றேன்.

"கெடக்கட்டும், வா."

மதாம் துணியை விலக்கினாள். அவளுக்குச் சமையல்கட்டு அளவுக்குத் தமிழ் வரும். "தலை எங்கே?" என்றாள்.

அப்பா வேலை செய்த பஞ்சாலை மூடிக் கிடந்தது. இந்த வேலையும் போனால் எங்கள் வீட்டில் உலை வைக்க வழியில்லை. "அம்மா மறந்துட்டாங்க மதாம்," என்று முந்திக்கொண்டேன்.

"மறக்கல," என்றாள் அம்மா. "நாந்தான் வெட்டி வச்சிட்டு வந்தேன். மூணு வருசமா என் கையால சாப்புடுறீங்க. பூனையா முயலான்னு என்னக் கேளுங்க, சொல்றேன். தலயக் கேக்காதீங்க."

மதாமின் முகம் சிவந்துவிட்டது. தலை வராமல் கறி அடுப்பில் ஏறாது, நீயும் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றாள்.

நான் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. வெயிலில் முதலியார்பேட்டை வரைக்கும் ஒரே ஓட்டம். சட்டியிலிருந்த தலையை வாழையிலையில் சுற்றிக்கொண்டு திரும்பவும் ஓடிவந்தேன். அம்மா கூடையோடு பின்வாசலில் எனக்காகக் காத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் மதாமும் அங்கே வந்துவிட்டாள்.

"காட்டு, போதும்," என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

நான் இலையைப் பிரிக்கப் போனேன். அம்மா வெடுக்கென்று பிடுங்கிக் கூடைக்குள் போட்டாள். "வாடி, போலாம்," என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். திரும்பியே பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் முயல்கறி. மிளகும் தேங்காயும் அரைத்து விட்டு, தெருவே மணக்க ஆக்கினாள். அப்பா இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டார். தலையை அம்மாவே எடுத்து, எலும்பு விடாமல் உறிஞ்சித் தின்றாள். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"ஒரு தடவ காட்டியிருந்தா வேல இருந்திருக்கும். எவ்ளோ தூரம் ஓடுனேன்!" என்று அழுதேன்.

"சாப்புடு. நீ புல்லுப் போட்டு வளத்தது," என்றாள்.

பிறகு அம்மா பெரிய மார்க்கெட்டில் மீன் ஆயும் வேலைக்குப் போனாள். புடவையெல்லாம் கவிச்சி அடிக்கிறது என்று நான் மூக்கைப் பிடித்துக்கொள்வேன்.

அம்மாவைக் காப்பாற்றத்தான் அன்று அப்படி ஓடினேன் என்று ரொம்ப நாள் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். அம்மா காட்ட மாட்டேன் என்றதை, மதாம் கேட்டாள் என்பதற்காக ஓடிப்போய் எடுத்து வந்தவள் நான்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.