மொட்டைமாடியில் காணாமல் போன மைனாக்கள்

கள்ளக்குறிச்சியில் இருந்த பறவைகள் அத்தனையும் செத்துப்போய்விட்டன என்று நான் நம்பினேன். மனப்பூர்வமாக நம்பினேன். பாக்கி இருப்பது பக்கத்து வீட்டு அக்காவின் கோழிகள் மட்டும்தான், அவையும் இன்றோ நாளையோ, அதற்கடுத்து நான் என்று முடிவுகட்டி, கபசுரக் குடிநீரை டம்ளர் டம்ளராக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தேன்.

கொரோனா காலம். நான் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். கணக்கு வாத்தியார் போனிலேயே கணக்கு நடத்திவிடுவார். நான் போனில் கபடியா விட முடியும்? சும்மா கிடந்த என்னை ஒரு வாட்ஸ்அப் குழு பிடித்துக்கொண்டது. வீட்டை விட்டு வெளியே போகாமல், தினமும் காலையில் கொஞ்ச நேரம், கண்ணில் படும் பறவைகளை எண்ணி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. குழுவை நடத்தியவர் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் இருந்தார். அவர் மலையிலிருந்து இருவாச்சி அனுப்புவார், நான் மாடியிலிருந்து காக்கா அனுப்புவேன். ஆனாலும் என் காக்காவுக்கும் தவறாமல் ஒரு கட்டைவிரல் போடுவார், நல்ல மனுஷன்.

எனக்கு வெறி பிடித்துவிட்டது. குளிர்காலத்தில் எங்கிருந்தோ வரும் சோளக்குருவியை, அந்த ரோஸ் கலர் முதுகை, என் மாடியிலிருந்தே ஒருநாள் பார்த்துவிடுவேன் என்று எல்லோரிடமும் சவால் விட்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் இருந்ததும் போனது. கிளிகள் குறைந்தன, புறாக்கள் குறைந்தன, ஒரு காலையில் மைனாகூட இல்லை. டிவியில் வேறு, எங்கோ பறவைக் காய்ச்சல் என்று காட்டிக்கொண்டிருந்தார்கள்.

மாடிக்கு வந்த என் மனைவி என்னைப் பார்த்துத் திகைத்தாள்.

"இன்னாங்க, யாரோ செத்த மாதிரி மூஞ்சிய வச்சிக்கினு நிக்கறீங்க?"

"யாரோ இல்ல. எல்லாமே செத்துப்போச்சி."

நான் அவளிடம் மட்டும்தான் சொன்னேன். அவள் காம்பவுண்டு சுவரிடம் மட்டும்தான் சொல்லியிருப்பாள். என் காபி ஆறுவதற்குள் தெரு முழுக்கக் கோழிக் காய்ச்சல்.

வெயில் ஏறியதும் பக்கத்து வீட்டு அக்கா கேட் அருகே வந்து நின்றார். சென்னையில் ஓட்டல் வேலை போய் அவர் வீட்டுக்காரர் ஊர் திரும்பியிருந்தார். நாட்டுக்கோழி முட்டை விற்றுத்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

"தம்பி, என் கோழிங்க நல்லாத்தான மேஞ்சிக்கினு இருக்குது? காலையிலருந்து முட்டை வாங்க ஒருத்தரும் வரல. தெருவே சேந்துக்கினு, கோழிய வூட்ல வச்சிக்கக் கூடாதுன்றாங்க. மத்தியானம் வியாபாரி வர்றாரு. கெடைச்ச வெலைக்கு மொத்தமா தள்ளிவுட்டுட்றேன்."

கபசுர டம்ளரை அப்படியே கீழே வைத்தேன். குழுவை நடத்தும் மலைக்காரருக்குப் போன் போட்டேன்.

"ஒண்ணாவது செத்துக் கெடந்ததுங்களா சார்?"

"இல்ல. வூட்டுக்குள்ள இருந்துதான எண்ணச் சொன்னீங்க?"

"அப்ப எப்படி சார் செத்துச்சின்றீங்க? மொதல்ல ஒரு பொணத்தக் காட்டுங்க."

நியாயம்தான். வியாபாரி வருவதற்குள் ஒரு பிணம் கிடைக்க வேண்டும், அல்லது கிடைக்கவே கூடாது. இரண்டு மாஸ்க், முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு, கையில் பாத்திரம் கழுவும் ரப்பர் உறை, மேலே மகளின் மஞ்சள் ரெயின்கோட். மழை இல்லை. பொத்தானும் சேரவில்லை. "பாத்துப் போங்க, நாய் தொரத்தப் போவுது" என்றாள் மனைவி. சங்கராபுரம் ரோட்டை நோக்கி வண்டியை விட்டேன்.

ரோட்டில் தடுப்பு. இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் போராட்டம் சூடாக இருந்த சமயம் அது. மறியல் வரும் என்று சில நாட்களாகவே பஸ்ஸையும் லாரியையும் வேறு வழியில் திருப்பி விட்டிருக்கிறார்கள். மாடியில் இருக்கும் விஞ்ஞானிக்கு இது எங்கே தெரிகிறது? வண்டி ஓடும்போதே ரோட்டோரம் தானியம் காயப்போடுகிறவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். வண்டியே இல்லாத ரோடு கிடைத்தால் விடுவார்களா? இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மக்காச்சோளம், அதைத் தாண்டிக் கம்பு, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பாய் விரித்த மாதிரி!

அதன்மேல் என் செத்துப்போன பறவைகள்.

கிளி, புறா, மைனா, காக்கா, ஊரே பந்தியில் உட்கார்ந்திருந்தது. கம்பின் மேல் ஒரு கூட்டம் எழுந்து, திரும்பி, மறுபடி இறங்கியது. கறுப்புத் தலை, ரோஸ் முதுகு. சோளக்குருவி! ஒன்றா, இரண்டா? நடு ரோட்டில் நின்று "ஐயோ, ஐயோ" என்று கத்தினேன். கத்திய கத்தலில் மொத்தக் கூட்டமும் பறந்தது.

கம்பு கிளறிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"யாருங்க நீங்க? கார்ப்பரேசனா?"

"இல்லம்மா. பறவை பாக்கறவன்."

"பாக்காதீங்க, வெரட்டுங்க. காலையிலருந்து கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போச்சி. உங்களப் பாத்ததும் ஒண்ணுகூட இல்ல பாருங்க. இப்படியே பொழுது சாயற வரைக்கும் நில்லுங்க, ஒரு படி கம்பு தர்றேன்."

ரப்பர் கையோடு போனைத் தட்டினேன், வேலை செய்யவில்லை. கண்ணாடித் தடுப்பைத் தூக்கி, மாஸ்க்கைக் கீழே இறக்கி, உறையைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டேன். "எதுவும் சாவல! எல்லாம் ரோட்ல தின்னுக்கினு இருக்குது! அக்காகிட்ட கோழிய விக்க வேணாம்னு சொல்லு, ஓடு!" அவள் போனை வைக்காமலேயே ஓடினாள். சுவரருகே "அக்கா! அக்கா!" என்று அவள் கத்துவதும், கோழிகள் கூச்சலிடுவதும், யாரோ ஒரு ஆண் "வெல பேசியாச்சும்மா" என்பதும் எனக்குக் கேட்டன.

நடந்தது இவ்வளவுதான். பஸ்ஸைத் திருப்பிவிட்டதால் ரோடு காலியானது, காலியான ரோட்டில் தானியம் காய்ந்தது, பறவைகள் அதைத் தின்னப் போயின. அக்காவின் கோழிகளோடு இருந்த ஒற்றைச் சேவலை வியாபாரி அதற்குள் கொண்டுபோய்விட்டார். கோழிகள் அக்காவிடமே இருந்தன. என் மனைவி சுவரருகே கத்தியது தெரு முழுக்கக் கேட்டிருந்ததால், மறுநாளிலிருந்து முட்டை வாங்க ஆட்கள் வந்தார்கள்.