மதில் ஓடும் கிணறு

எங்கள் கிணற்றின் மேல், நடுவே, மதில் ஓடுகிறது. காணி பிரித்தபோது ஒரு பாதி எங்களுக்கு, மறுபாதி பக்கத்து வீட்டுக்கு. கீழே தண்ணீர் ஒன்றுதான். என் மனைவியும் அடுத்த வீட்டுக்காரியும் வாளியால் அள்ளியபடி, முப்பது வருடங்கள் முகம் பாராமல் கதைத்தார்கள். அவளுக்கு என் மனைவி ராத்தா, அக்கா முறை; நான் காக்கா, அண்ணன் முறை.

மனைவி மௌத்தாகி, அடக்கம் முடிந்து நாற்பத்து மூன்றாம் நாள், மேசனை அழைத்து எங்கள் பாதியைக் கொங்கிறீட் போட்டு மூடினேன். மோட்டர்க் குழாய் மட்டும் உள்ளே இறங்கியது. கிணற்றில் நுளம்பு முட்டையிட்டுப் பெருகுகிறது என்று நாட்குறிப்பில் எழுதினேன். அது பொய். நான் அள்ளும் வாளிச் சத்தம் கேட்டால், அடுத்த வீட்டுக்காரி பழக்கத்தில் என் மனைவியிடம் போல ஏதாவது கேட்டுவிட்டு, பதில் வரவேண்டிய இடத்தில் நிறுத்துவாள். அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், நாடு முழுவதும் கரண்ட் நின்றது. எங்கோ தொலைவில் ஒரு பிழையாம். ஒரு மின்நிலையம் விழ, மற்றவையும் விழுந்தன. பள்ளி ஒலிபெருக்கி ஓய்ந்ததால், நண்பகல் லுஹர் தொழுகைக்கான பாங்கு என் காதுக்கு வரவில்லை. வீட்டுத் தண்ணீர்த் தாங்கி வற்றியிருந்தது. மகனுக்குப் போன் போகவில்லை. பத்தடிக்குக் கீழே தண்ணீர். அதன் மேல் நின்றுகொண்டு, தண்ணீர் கிடைக்காதவனைப்போல் மண்ணைத் தொட்டுத் தயம்மும் செய்து சுத்தமானால் தொழுகை கூடுமா என்று யோசித்தேன். கயிறும் வாளியும் இல்லாதவனைப் பற்றி மார்க்க நூல்களில் வாசித்திருக்கிறேன். கிணற்றைத் தானே மூடிக்கொண்டவனைப் பற்றி எங்கும் வாசித்ததில்லை.

மதிலுக்கு அப்பால் அடுத்த வீட்டுக்காரியின் வாளி விழும் சத்தம்.

"தங்கச்சி, ஒரு வாளி தண்ணி தருவீங்களா?"

"யாரு, காக்காவா? கிணத்துக்கு மேல நின்டு தண்ணி கேக்கிற மனிசன இண்டைக்கித்தான் காணுறன்!"

வாளி மதிலுக்கு மேலால் வந்தது.

"ராத்தா இரிந்தா இத மூட உட்டிரிப்பாவா?" என்று கேட்டு, வழக்கம்போல நிறுத்தினாள்.

"உடமாட்டா," என்றேன். அவளுக்கு நான் சொன்ன முதல் பதில் அதுதான்.

கரண்ட் வரும்வரை ஐந்து வாளி தந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை.

மறுவாரம் கொங்கிறீட்டை உடைத்துக் கயிறும் வாளியும் வாங்கினேன். அதே வாரம் அடுத்த வீட்டுக்கு லொறியில் ஜெனரேட்டர் வந்தது, பெரிய தாங்கி வந்தது. அவர்களுடைய பாதியையும் மேசன் மூடினான்.

"இனிப் பயமில்ல காக்கா. கரண்ட் போனா மெசின் ஓடும்," என்றாள், வாசல் கேட்டடியில் நின்று. டீசல் வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால், "நல்லது தங்கச்சி," என்றேன்.

தினமும் பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன் தண்ணீர் அள்ளுகிறேன். மூடிய அந்தப் பாதி இருட்டாகக் கிடக்கிறது. வாளி தண்ணீரைத் தொட்டதும், கயிற்றைப் பிடித்தபடி, அவளைப்போலவே கொஞ்சம் நிறுத்துகிறேன்.