மூச்சை இழுக்கச் சொல்லாத மாஸ்டர்

கும்மிடிப்பூண்டியில் எங்கள் இரும்பு உருக்காலையில் தூசி உறிஞ்சும் மெஷின் கெட்டுக் கிடந்தது. அதைச் சரி செய்யச் சொல்லிக் கேட்டோம். யோகா மாஸ்டரை அனுப்பினார்கள்.

ஒல்லியான ஆள். உட்காருமுன் தரையை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். கை கரியாகும். சட்டையில் துடைத்துக்கொள்வார்.

"உடம்ப வளைக்கறது மட்டும் யோகா இல்லீங்க. பொய் சொல்லாம வாழறதும் யோகாதான்" என்றார் முதல் நாளே.

"அப்போ இன்னா சொல்லி லீவு கேக்கறது மாஸ்டர்?" என்றேன். அவரும் சேர்ந்து சிரித்தார்.

முதுகுக்கும் முட்டிக்கும் நல்ல ஆசனங்கள் கற்றுத்தந்தார். மூச்சுப் பயிற்சி மட்டும் தரவேயில்லை.

ஒருநாள் மேனேஜர் கேமராவோடு வந்தார். "பிராணாயாமம் எங்க மாஸ்டர்? எல்லாரையும் ஆழமா மூச்சு இழுக்கச் சொல்லுங்க, போட்டோ எடுக்கணும்."

மாஸ்டர் தரையைத் தடவிக் கரியான கையை நீட்டினார். "இதையா சார் இழுக்கச் சொல்றீங்க? மொதல்ல அந்த மெஷின ஓட்டுங்க."

மறுநாளிலிருந்து அவர் இல்லை. சம்பளத்துக்கு வந்த மனிதர், எங்களுக்காக எதற்கு வேலையைப் பறிகொடுத்தார்? இன்னும் எனக்கு விளங்கவில்லை.

மெஷின் இன்னும் ஓடவில்லை. புது மாஸ்டர் நெஞ்சு நிறைய இழுக்கச் சொல்கிறார். இழுக்கிறோம். இருமினால், உள்ளே இருக்கும் கெட்டதெல்லாம் வெளியே போகிறது என்கிறார்.