நிலானி விடுதியில் அழுத கதை

நிலானி வீட்டு வேலைக்குக் குவைத் போனபிறகு, மகள் டினோஷா பள்ளிக்கூடம் போக மறுத்தாள். வாவியில் இறால் பிடிக்கும் தகப்பன் லூர்து அதட்டிப் பார்த்தார், பலனில்லை. ஒரு காலை வலையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"உங்கட அம்மாவும் சின்னப் புள்ளையில தாயை விட்டுட்டு விடுதியில இருந்தவதான். முதல் கிழமை முழுக்க அழுதாவாம்."

"பிறகு?"

"எனக்குத் தெரியா. நீயே கேள்."

வெள்ளிக்கிழமை தொலைபேசியில் அம்மாவிடம் கேட்டாள். பக்கத்துக் கட்டிலில் அழுத பிள்ளைக்குத் தலை பின்னிவிட்டபோது தன் அழுகை நின்றதை நிலானி சொன்னாள். "மிச்சத்த அடுத்த கிழமை சொல்லுறன், மகள்."

திங்கட்கிழமை டினோஷா பள்ளிக்கூடம் போனாள்.

வெள்ளிதோறும் கதை வளர்ந்தது. லூர்து வாசலில் நின்று கேட்பார். நிலானி பக்கத்தில் இருந்த காலத்தில் இதையெல்லாம் அவளிடம் கேட்கவில்லையே என்றிருக்கும். டினோஷா போனைக் கையில் கொடுத்தால், "சாப்பிட்டியா?" என்பதற்குமேல் அவருக்கு வார்த்தை வராது.