நான்கடி மலர்வளையம்

சவரிமுத்து இறந்த செய்தி கோலாலம்பூர் அலுவலகத்தை எட்டியதும் நிர்வாகம் அவசரமாகக் கூடி, காலம் மறக்க முடியாத ஒரு முடிவை எடுத்தது: மலர்வளையம் மூன்றடி அகலம் போதாது, நான்கடி இருக்க வேண்டும். விவாதம் முக்கால் மணி நேரம் நடந்தது. எழுத்தர் என்ற முறையில் நான் குறிப்பெடுத்தேன்.

மேரு என்ற ஊருக்கு அப்பால் உள்ள எங்கள் சின்ன நிலக்கரிச் சுரங்கத்தில் அவர் பாதைகளை அளப்பவர் என்பதும், அடியும் அங்குலமும் கீறிய அவருடைய மூங்கில் குச்சியும் அவரோடு வேலை செய்த உங்களுக்குத் தெரியும்.

கரி அள்ளும் இயந்திரம் ஒன்றை வாங்கச் சுரங்க மேலாளரான துரை தீர்மானித்தபோது, வரைபடத்தில் பாதையின் உயரம் ஏழடி. சவரிமுத்து குச்சியை ஊன்றிப் பார்த்தார். கூரையைத் தாங்கும் குறுக்கு மரங்களுக்குக் கீழே ஐந்தடி பத்தங்குலம்தான். அள்ளிய கரியைக் கொட்ட இயந்திரம் கையைத் தூக்கினால் ஆறே முக்கால் அடி வேண்டும்.

"உள்ள போகும் துரை, அள்ளவும் அள்ளும். கொட்டத்தான் முடியாது" என்றார். வெளியே வந்து என்னிடம், "மணிக்கு எட்டு கரிவண்டிதான் வருது. இது பத்து நிமிஷத்துல எட்டையும் ரொப்பிடும். மிச்ச நேரம் தூங்குமா?" என்று கேட்டார்.

இயந்திரம் கப்பலில் வந்தது. அதைக் குள்ளமாக்க முடியாது என்று கண்டுபிடித்த பிறகு, குறுக்கு மரங்களைக் கழற்ற உத்தரவு போனது. பாதை பாதுகாப்பானது என்ற தாளில் சவரிமுத்து கையெழுத்திட மறுத்தார். துரையே போட்டார். அழகான கையெழுத்து. கூரைக்குப் படிக்கத் தெரியாது.

மரங்களைக் கழற்றிய மறுநாள் காலை, கரி அள்ளும் பன்னிரண்டு பேரைச் சுரங்க வாயிலில் சவரிமுத்து மறித்தார். "மண் உதிருது. யாரும் போகாதீங்க. நான் அளந்துட்டு வரேன்."

"மெஷின் முதல்ல போகட்டுமே அண்ணே, நீங்க ஏன்?" என்று கேட்டானாம் முனியாண்டி.

"மெஷினுக்கு அளக்கத் தெரியாது லா."

கூரை இறங்கியபோது பன்னிரண்டு பேரும் வெளியே நின்றார்கள்.

'அனுமதியின்றி உள்ளே சென்றார்' என்று நிர்வாகத்தின் அறிக்கை சொல்கிறது. அதைத் தட்டச்சு செய்தவன் நான். அன்று சோற்றில் கை வைக்க அருவருப்பாக இருந்தது.

முனை ஒடிந்த அந்தக் குச்சியை முனியாண்டி எடுத்து வந்து கொடுத்தான். அவருடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அடக்கத்தன்று பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் அவர் வீட்டில் அதை வைத்து அளந்தேன். பெட்டியின் அகலம் ஒன்றே முக்கால் அடி. மேலே வைத்த மலர்வளையம் தூக்குபவர்களின் முகத்தில் இடித்தது. அதைச் சுவரில் சாய்த்துவிட்டு அவரைத் தூக்கிச் சென்றார்கள்.